வேர் மேலே போய்விட்டது என்றார்கள், எங்கே போனது?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 54 வயது, சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று வாரத்துக்கு முன் இடது மேல் கடைவாய்ப் பல்லை எடுக்கும்போது ஒரு வேர் முறிந்து மேலே போய்விட்டது. எடுத்தவர், "சின்னத் துண்டுதான், ஒன்றும் செய்யாது, விட்டுவிடலாம்" என்று அனுப்பிவிட்டார். இப்போது வாய் கொப்பளித்தால் இடது மூக்கு வழியாகத் தண்ணீர் வருகிறது, ஒரு துர்நாற்றமும் இருக்கிறது. புதுச்சேரியில் பார்த்த இன்னொருவர் அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார். வேர் மூளைக்குப் போய்விடுமா, அறுவை சிகிச்சை தேவைதானா, முதல் டாக்டர் செய்தது தவறா என்பவை உங்கள் கேள்விகள். பேத்தியின் முதல் பிறந்தநாள் முடியும்வரை தள்ளிப்போட முடியுமா என்று அம்மா கேட்பதாகக் கடைசியில் ஒரு வரி. கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு, இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொன்று இருப்பதாக எனக்குப் பட்டது. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், யாரை நம்புவது? அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேர் இப்போது எங்கே இருக்கிறது என்று யாராவது படம் எடுத்துப் பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் எக்ஸ்ரே என்ற சொல்லே இல்லை.

வாய், முகம், தாடை அறுவை சிகிச்சைதான் என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பஸ்ஸிலும் பிறகு காரிலும் அலைந்து செய்துவருகிறேன். உங்கள் அம்மாவின் வாயை நான் பார்க்கவில்லை. ஆகவே இங்கே எழுதுவது டாக்டரிடம் போகும்போது கையில் எடுத்துப்போக வேண்டிய விவரம். இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கன்ன எலும்புக்குள், மேல் கடைவாய்ப் பற்களுக்கு நேர் மேலே, காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது. மேல்தாடை சைனஸ் என்பது அதுதான். பெரியவர்களுக்குச் சராசரியாக 15 மில்லி லிட்டர் கொள்ளும், அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும்; நல்ல நிலையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். சிலருக்குப் பல் வேர்களுக்கும் இந்தச் சவ்வுக்கும் நடுவே எலும்பு தாராளமாக இருக்கும். சிலருக்கு முட்டை ஓடு போல இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. வயதாக ஆக, பக்கத்துப் பற்கள் விழ விழ, இந்த அறை கீழ்நோக்கிப் பெரிதாகும். தனித்து நிற்கும் கடைவாய்ப் பல்லைச் சுற்றி அது இறங்கிவிடுவதும் உண்டு. இந்த அறையின் வடிகால் தரையில் இல்லை, கூரைக்கு அருகே மூக்குப் பக்கச் சுவரில் இருக்கிறது. வீடு கட்டியவர் எங்கள் நகரின் மழைநீர் வடிகாலையும் கட்டியவராக இருக்கலாம் என்று மாணவர்களிடம் சொல்வேன். ஆனால் இங்கே அது வேலை செய்கிறது. சவ்வின் மேலுள்ள நுண்ணிய மயிர்கள் சளியைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த மயிர்கள் ஓயாமல் அசைகிறவரை, மேலே உள்ள வாசல் அடைபடாமல் இருக்கிறவரை, சைனஸ் சுத்தமாக இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் மூளை. இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. இந்த அறையைப் பற்றி 1651-இல் விரிவாக எழுதியவர் நத்தேனியல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர். பல பாடநூல்களில் இன்னும் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. அவரிடம் வந்த ஒரு பெண்ணுக்குக் கோரைப்பல்லைப் பிடுங்கிய பிறகு அந்தக் குழியிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு ஆழம் என்று பார்க்க அந்தப் பெண்ணே இறகு ஒன்றை மழித்து அதன் தண்டை உள்ளே விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. மூளையைத் தொட்டுவிட்டோம் என்று நடுங்கிப்போய் ஹைமோரிடம் ஓடினார். இறகு அறைக்குள் சுருண்டிருந்தது, அவ்வளவுதான். உங்கள் அம்மாவின் வேரும் மூளைக்குப் போகாது. இந்த அறையின் கூரை கண்குழியின் தரை; மூளை அதற்கும் மேலே, வேறு எலும்புகளுக்கு அப்பால் இருக்கிறது. போகக்கூடியது கிருமித் தொற்று. அதுவும் அரிதாக, நெடுநாள் கவனிக்காமல் விட்டால் கண் பக்கம் போகலாம். இது நிச்சயமாகத் தெரிந்த விஷயம்.

வேர் எப்படி நழுவுகிறது என்பதைச் சொன்னால்தான் தவறு யாருடையது என்ற பேச்சுக்குப் போக முடியும். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. அதிகம் காணாமல் போவது அண்ணத்துப் பக்க வேர். பல்லின் தலைப்பகுதி முறிந்து, ரத்தம் நிறைந்த குழியின் அடியில் வேர் மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எலிவேட்டர் என்ற நெம்பும் கருவியை வேருக்கும் எலும்புக்கும் இடையே விட்டுப் பக்கவாட்டில் நெம்ப வேண்டும். அவசரத்தில் முனை வேரின் தலைமேலேயே பட்டு மேல்நோக்கி ஒரு அழுத்து விழுந்துவிட்டால் போதும். கை அதுவரை உணர்ந்த எதிர்ப்பு சட்டென்று இல்லாமல் போகும். இருட்டில் இல்லாத படிக்கட்டில் கால் வைத்தாற்போல இருக்கும். குனிந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளி இருந்த இடத்தில் கறுப்பு ஓட்டை.

எனக்கும் நடந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இங்கே கரையேறியது. அதற்குப் பிறகு பல நாள் மின்சாரம் இல்லை. கிளினிக்கில் இரவல் ஜெனரேட்டர் ஒன்று. விளக்குக்கும் உறிஞ்சும் இயந்திரத்துக்கும் அது போதும், எக்ஸ்ரே கருவிக்குப் போதாது. தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர் கன்னம் வீங்கி வந்தார். வலியைப் பார்க்க முடியவில்லை. படம் எடுக்காமலே பல்லில் கை வைத்தேன். வேர் போய்விட்டது. உறிஞ்சிய நீர் சேர்ந்த பாட்டிலைத் தட்டில் கவிழ்த்துத் துழாவினேன், வாயில் வைத்திருந்த துணிகளைப் பிரித்து உதறினேன், நாக்கின் அடியில் விரல் விட்டுப் பார்த்தேன். இல்லை. அவரிடம், "ஐயா, ஒரு வேர் மேலே நழுவிவிட்டது, என் கை தவறியது" என்றேன். குழிக்குள் கருவியை விட்டுத் தேடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, வாயில் பஞ்சைக் கடித்தபடி அவர் சொன்னார்: "மீன் எங்கே என்று பார்த்துவிட்டு வலையைப் போடுங்கள் டாக்டர்." அப்படியே தையல் போட்டு நிறுத்திவிட்டேன். மறுநாள் எக்ஸ்ரேக்குப் போதுமான ஜெனரேட்டர் உள்ள இடத்தில் படம் எடுத்தோம். வேர் சைனஸுக்குள்ளேயே போகவில்லை. சவ்வைக் கிழிக்காமல், சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவே செருகிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அதே குழியைச் சற்று அகலப்படுத்தி அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். முதல் நாளே கிளறியிருந்தால் நானே அதை உள்ளே தள்ளியிருப்பேன்.

"மேலே போய்விட்டது" என்ற ஒரே சொல்லுக்குள் பல இடங்கள் இருக்கின்றன என்பதற்காகத்தான் இந்தக் கதை. சைனஸ் அறைக்குள் விழுந்திருக்கலாம். சவ்வுக்கு அடியிலேயே நின்றிருக்கலாம். கன்னத்துப் பக்கம் எலும்பைத் தாண்டி ஈறுக்குக் கீழே ஒதுங்கியிருக்கலாம். உறிஞ்சுகுழாய் வழியாகக் குப்பைக்குப் போயிருக்கலாம், உங்கள் அம்மா விழுங்கியும் இருக்கலாம். கடைசி இரண்டும் நடந்திருந்தால் வேருக்காகச் சைனஸைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. பல்லுக்கு எடுக்கும் சிறு எக்ஸ்ரேயும் தாடை முழுவதும் தெரியும் ஓபிஜி படமும் முதல் கட்டத்துக்கு நல்லவை, ஆனால் தட்டையானவை. வேர் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று சொல்லாது. இந்த நிலையில் சிபிசிடி ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. மூன்று பரிமாணத்தில் தெரியும், சாதாரண சிடி ஸ்கேனைவிடக் கதிர்வீச்சு பொதுவாகக் குறைவு. அறைக்குள் தளர்வாகக் கிடக்கும் துண்டு தலையின் நிலைக்கேற்ப உருளும் என்பதால், ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் இடையே அதிக நாள் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, முதல் டாக்டர் சொன்ன "விட்டுவிடலாம்". இது கண்மூடிச் சொன்ன சொல் இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள வேர்நுனி, பல்லில் சீழ் இல்லை, சைனஸிலும் முன்பு தொந்தரவு இல்லை என்றால், குழி வழியாக ஒரு முறை கழுவி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, வராவிட்டால் நோயாளியிடம் சொல்லிவிட்டு, விட்டு வைத்துக் கண்காணிக்கலாம் என்றுதான் எங்களுக்குப் பாடமே. முழு வேரோ, சீழ் பிடித்த பல்லின் துண்டோ என்றால் எடுத்துவிட வேண்டும் என்பதிலும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நடுவில் இருப்பதில்தான் சண்டை. நான்கு மில்லிமீட்டர், தொந்தரவு இல்லை என்றால்? ஒருவர் எடு என்பார், ஒருவர் ஆறு மாதம் பார் என்பார். இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் அம்மாவின் கதை இந்தச் சண்டைக்குள்ளேயே வரவில்லை. கொப்பளித்த தண்ணீர் மூக்கு வழியாக வருகிறது என்றால் வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே கதவு திறந்து கிடக்கிறது என்று பொருள். என் கணக்கில் துண்டைவிட இந்தக் கதவுதான் பெரிய பிரச்சினை. துளை இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், ரத்தக்கட்டி நன்றாக உட்கார்ந்தால், பெரும்பாலும் தானாக மூடிவிடும். அதைவிடப் பெரியது என்றால் தையலோ, இன்னும் பெரியது என்றால் பக்கத்துத் திசுவை இழுத்து மூடும் சிகிச்சையோ வேண்டும். அதை முதல் நாளோ இரண்டாம் நாளோ செய்தால் எளிது. மூன்று வாரமானால் துளையின் சுவரில் தோல் போன்ற படலம் வளர்ந்து அது நிரந்தர வழியாகிவிடும். அதன் பிறகு தானாக மூடும் என்று காத்திருப்பது பெரும்பாலும் வீண். சோற்றுப் பருக்கையும் குழம்பும் வாயின் கிருமிகளும் அந்த வழியே ஏறி இறங்கும். சளியை மேலே தள்ளும் மயிர்கள் அந்தச் சீழில் சோர்ந்துபோகும். நீங்கள் சொல்லும் நாற்றம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே இரண்டாவது டாக்டர் சொன்னதில் எனக்கு உடன்பாடு. அவர் வேரை மட்டும் மனத்தில் வைத்துச் சொன்னாரா, துளையையும் சேர்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர் வந்தார். வலது பக்கம் மட்டும் ஆறு வருடமாகச் சைனஸ். காலையில் நொச்சி இலை ஆவி, மாலையில் மஞ்சள் புகை, நடுவில் மாத்திரைகள். வீட்டில் பேரன் பக்கத்தில் உட்காரவே மறுக்கிறான், நாற்றம் என்கிறான் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஆறு வருடத்தில் யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. திறந்து பார்த்தேன், கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் ஈறு ஒழுங்காக மூடியிருந்தது, துளை இல்லை. ஓபிஜியில் சைனஸ் தரையில் அரிசி அளவில் ஒரு வெள்ளை. பல் எப்போது எடுத்தது என்று கேட்டால், "அதுவா, ஏழு வருடம் இருக்கும், அதற்கும் இதற்கும் என்ன?" என்றார். ஒரு பக்கம் மட்டும் விடாமல் சைனஸ் தொந்தரவு என்றால், அந்தப் பக்கத்து மேல் பற்களைப் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது. இதை நான் காது மூக்கு தொண்டை நண்பர்களிடம் சண்டை போட்டே சொல்வேன். அவர்கள் பதிலுக்கு எங்கள் ஆட்கள் மூக்கைப் பார்ப்பதே இல்லை என்பார்கள். இரண்டும் உண்மை.

பல் வேர் மட்டுமல்ல, பல விதமான பொருள்கள் அங்கே போய்ச் சேர்வதுண்டு. செயற்கைப் பல்லுக்காகப் பதிக்கும் இம்ப்ளான்ட் திருகு, ரூட் கெனால் செய்யும்போது வேர் நுனியைத் தாண்டித் தள்ளப்பட்ட அடைப்புப் பசை, முறிந்த கருவித் துண்டு, அளவெடுக்கும் பசை, சில சமயம் முழு ஞானப்பல். துத்தநாகம் கலந்த ரூட் கெனால் பசை சைனஸுக்குள் போனவர்களுக்கு அங்கே பூஞ்சை உருண்டை வளர்வது அதிகம் காணப்படுகிறது. துத்தநாகம்தான் பூஞ்சைக்குத் தீனியா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இம்ப்ளான்ட் விஷயத்தில் மட்டும் நான் காத்திருப்பதில்லை. போனது தெரிந்தால் எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

அறுவை சிகிச்சை என்றதும் முகத்தை வெட்டுவார்கள் என்று அம்மா பயப்படலாம். வெளியே வெட்டு இல்லை. வழிகள் மூன்று. பல் குழி வழியாகவே எடுப்பது ஒன்று. மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே எலும்பில் ஒரு சிறு சன்னல் திறந்து எடுப்பது இன்னொன்று. 1893-இல் நியூயார்க்கில் கால்டுவெல், 1897-இல் பாரிஸில் லூக் என்று இருவர் தனித்தனியே எழுதியதால் கால்டுவெல்-லூக் என்பார்கள். வேர் நேராகக் கண்ணில் படும். விலை என்னவென்றால் சில நாள் கன்னம் வீங்கும், சிலருக்குக் கன்னமும் உதடும் கொஞ்ச காலம் மரத்திருக்கும். மூன்றாவது மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு எடுப்பது. சைனஸின் இயற்கை வாசலையும் அகலப்படுத்திவிடுவதால், சீழ் பிடித்த சைனஸுக்கு இது நல்லது. எது மேல் என்று கேட்டால், வேர் எங்கே, வாசல் அடைந்திருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எந்த டாக்டருக்கு எது பழக்கம் என்பதும் சேரும். எந்த வழியானாலும் வாயிலுள்ள துளையை அதே அமர்வில் மூட முடியுமா என்று கேளுங்கள். கன்னத்து ஈறை இழுத்தோ, கன்னத்துக்குள் உள்ள கொழுப்பைக் கொண்டுவந்தோ மூடுவார்கள். ஆனால் உள்ளே சீழ் இருக்க மேலே மூடினால் சில நாளில் தையல் விட்டுப்போகும். அதனால் முதலில் சில நாள் மருந்தும் கழுவலும் என்று அவர் சொன்னால், இழுத்தடிக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

முதல் டாக்டரின் தவறு பற்றி. வேர் நழுவுவது, எவ்வளவு கவனமாக இருந்தாலும் நடக்கக்கூடிய விபத்து. அதை மட்டும் வைத்து அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். எடுக்கும் முன் படம் எடுத்தாரா, நழுவியதை உங்களிடம் சொன்னாரா, பிறகு படம் எடுத்தாரா, துளை இருக்கிறதா என்று பார்த்தாரா, மூக்கைச் சிந்தாதீர்கள் என்று எச்சரித்தாரா, மறுபடி வரச் சொன்னாரா, தன்னால் முடியாவிட்டால் வேறிடம் அனுப்பினாரா என்பவைதான் கேள்விகள். இவற்றில் ஒன்றை அவர் செய்திருக்கிறார்: சொல்லியிருக்கிறார். மறைக்கும் ஆட்களைப் பார்த்துச் சலித்த எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. மற்றவற்றில் நீங்கள் எழுதிய அளவில் குறை தெரிகிறது, ஆனால் ஒரு பக்கத்தைக் கேட்டுத் தீர்ப்பு எழுத மாட்டேன். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லிவிட்டது. புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே சண்டைக்கு அவசரமில்லை. இன்று அவரிடம் போய்ப் படமும் சிகிச்சைக் குறிப்பும் நகல் கேளுங்கள். முறிந்த மற்ற வேர்த் துண்டுகளை எடுத்து வைத்திருந்தால் அதையும் கேளுங்கள். உள்ளே இருப்பது எவ்வளவு என்று அதிலிருந்து கணக்கிட முடியும்.

பல் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் இடமாக இருந்தால் அலைச்சல் குறையும். கோரிமேட்டில் ஜிப்மரில் இரண்டு பிரிவும் உண்டு. சிதம்பரம் பக்கம் வசதியென்றால் அண்ணாமலைநகரில் பல் மருத்துவமும் பொது மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சர்க்கரை அளவை, மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையோடு, இந்த வாரமே பார்த்துவிடுங்கள். 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்து மேல்தாடையையே இழந்தவர்களில் மிகப் பலர் சர்க்கரை கட்டுப்படாதவர்கள். அம்மாவுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கடும் காய்ச்சலோடு தலைவலி, அண்ணத்திலோ மூக்கிலோ கறுப்புப் படிவது, கன்னம் திடீரென மரத்துப்போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அதுவரை அம்மா மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இளநீரை உறிஞ்சுகுழல் போட்டுக் குடிக்காமல் டம்ளரில் ஊற்றிக் குடிக்கட்டும். மூச்சுப் பயிற்சி செய்கிறவராக இருந்தால் நிறுத்திவைக்கட்டும். துளை மூடியதா என்று மூக்கைப் பிடித்து ஊதிப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். பாதி மூடிய சவ்வும் அதில் கிழியும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் குறைந்தது இரண்டு வாரம் இதே கட்டுப்பாடுதான். பிறந்தநாள் வரை தள்ளிப்போடலாமா என்பதற்கு: ஸ்கேனையும் டாக்டரையும் தள்ளிப்போடாதீர்கள். பார்த்த பிறகு, மருந்தில் நாற்றம் குறைந்து காய்ச்சலும் இல்லாமல் இருந்தால், அறுவை சிகிச்சைத் தேதியை விழாவுக்கு மறுநாள் வைத்துக்கொள்ள டாக்டரே ஒப்புக்கொள்ளலாம். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சட்டும், கேக்கையும் வெட்டட்டும், சர்க்கரையை மனத்தில் வைத்துக் கொஞ்சமாக. பலூன்களை மட்டும் நீங்கள் ஊதிவிடுங்கள்.